ரோம் கோயில்கள்: ஐந்து நாளும் ஒரு பை சில்லறையும்

புறப்படும் முன்

ரோம் நகரில் 900-க்கும் மேற்பட்ட கிறிஸ்தவக் கோயில்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் நுழைவுக் கட்டணம் கிடையாது. சிக்கல் நேரத்தில்தான். மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மூன்று மணி ஆகும், சில இடங்களில் நான்கு. நம்மூர்க் கோயில் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனாலும் காலைச் சிற்றுண்டியை நிதானமாக முடித்துப் பதினொன்றரைக்குக் கிளம்பி, மூடிய கதவுகளைப் படமெடுத்துத் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு.

நான்கு பெரிய பேராலயங்களும் (பேதுரு, இலாத்தரன், மரிய மஜ்ஜோரே, பவுல்) பழைய ரோமானியக் கட்டடமான பாந்தியோனும் மதியம் மூடுவதில்லை. ஆகவே சின்னக் கோயில்களைக் காலையில் முடித்துவிட்டு, நடுப்பகலைப் பெரியவற்றுக்கு ஒதுக்க வேண்டும். இந்த ஐந்து நாள் திட்டமும் அந்தக் கணக்கில் போட்டதுதான். செவ்வாயில் தொடங்கிச் சனியில் முடிகிறது. ஞாயிறு காலை முழுக்கத் திருப்பலி என்பதால் அந்த நாளைச் சேர்க்கவில்லை.

கையில் இருக்க வேண்டியவை: 50 சென்ட், 1 யூரோ நாணயங்கள் இருபதாவது. பல கோயில்களில் ஓவியத்தின் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும்; காசு போட்டால் சில நிமிடம் விளக்கு எரியும், பிறகு தானே அணைந்துவிடும். கடையில் சில்லறை கேட்டால் முகம் சுளிப்பார்கள். முதல் நாளே சேர்த்து வைத்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை ஆணுக்கும் பெண்ணுக்கும் கட்டாயம். ஒரு மெல்லிய துப்பட்டா பையில் இருந்தால் பிரச்சினை இல்லை. விதானமும் மொசைக்கும் (வண்ணச் சில்லுகள் பதித்த படம்) உயரத்தில் இருப்பதால் சிறிய பைனாகுலர் பெரிய உதவி. செருப்பு கெட்டியான அடியோடு இருக்கட்டும். இந்த ஊர்த் தெருக்களில் பாவிய சதுரக் கருங்கற்களுக்குப் பெயரே 'சாம்பியெத்ரினி', அதாவது புனித பேதுருவின் பெயரால் அமைந்த கல். இரண்டாம் நாள் பாதம் அதை மறக்க விடாது.

தண்ணீர் வாங்க வேண்டாம். தெருமுனைகளில் இரும்புக் குழாய்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்; குடிக்கலாம். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சிறு துளை வழியாக நீர் பீய்ச்சி வரும், குனிய வேண்டியதில்லை.

முதல் நாள், செவ்வாய்: புனித பேதுரு பேராலயம்

புதன் காலையில் திருத்தந்தை ரோமில் இருந்தால் சதுக்கத்தில் பொதுச் சந்திப்பு நடக்கும். பேராலயத்துக்குள் போவது சிரமம். அதனால்தான் செவ்வாய். கதவு ஏழு மணிக்குத் திறக்கிறது. ஏழேகாலுக்கு வருபவருக்குச் சோதனை வரிசை பத்து நிமிடம். பத்து மணிக்கு வருபவர் சதுக்கத்தைச் சுற்றி வளைந்து வெயிலில் நிற்பார். வரிசை வலப்பக்கத் தூண் வளைவை ஒட்டிப் போகும்.

நிற்கும் நேரத்தில் சதுக்கத்தைப் பாருங்கள். சிற்பியும் கட்டடக் கலைஞருமான பெர்னினி 1656 முதல் 1667 வரை எழுப்பிய வளைவுகளில் 284 தூண்கள், நான்கு வரிசையாக. நடுவில் 25 மீட்டர் உயர எகிப்தியக் கல்தூண். அதற்கும் நீரூற்றுக்கும் இடையே தரையில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறது. அதன் மேல் நின்று வளைவைப் பார்த்தால் நான்கு வரிசையும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து ஒரே வரிசையாகத் தெரியும். ஓரடி நகர்ந்தால் கலைந்துவிடும். 2022 மே 15-ஆம் நாள் நம் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டதும் இதே சதுக்கத்தில்தான்.

உள்ளே போகும் முன் குவிமாடம். இதுதான் பலரும் தவறாகச் செய்வது: கோயிலை முதலில் பார்த்துவிட்டு ஏறலாம் என்று நினைப்பார்கள், அதற்குள் குவிமாட வரிசை நீண்டுவிடும். மொத்தம் 551 படி. லிஃப்ட் சீட்டு வாங்கினால் 231 படி குறையும். லிஃப்ட் கோயில் கூரை வரைக்கும்தான் போகும்; மிச்சம் 320 படியை எல்லாரும் நடந்தே ஏற வேண்டும். லிஃப்ட் உச்சி வரை போகும் என்று நம்பிப் பெரியவர்களை அழைத்துவந்து கூரையில் உட்கார வைக்கும் குடும்பங்கள் நிறைய. குவிமாடம் இரட்டை ஓடு; படிக்கட்டு அந்த இரண்டு ஓடுகளுக்கும் இடையே போகிறது. அதனால் மேலே போகப்போகச் சுவர் ஒருபக்கமாகச் சாயும், உடலும் சேர்ந்து சாய வேண்டியிருக்கும். கடைசித் திருகுப் படியில் பிடிக்கக் கம்பி கிடையாது. ஒரு கயிறு தொங்கும். ஒருவழிப் பாதை என்பதால் நடுவில் திரும்ப முடியாது. மூச்சிரைப்பு, இடநெருக்கடிப் பயம் உள்ளவர்கள் கூரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உள்விட்டம் ஏறக்குறைய 42 மீட்டர். மிக்கேலாஞ்சலோ வடிவமைத்து, அவர் இறந்த பிறகு ஜாக்கோமோ தெல்லா போர்த்தா முடித்தது. 18-ஆம் நூற்றாண்டில் இதில் விரிசல் ஓடியது. குவிமாடத்தின் எடை அடிப்பகுதியை வெளிப்புறமாகத் தள்ளுகிறது, பழைய இரும்பு வளையங்கள் தாங்கவில்லை. மூன்று கணித அறிஞர்கள் அறிக்கை எழுதினார்கள். பிறகு பதுவா நகரத்துப் பேராசிரியர் ஜொவான்னி பொலேனி, ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு அது எடுக்கும் வளைவைத் தலைகீழாக்கிக் குவிமாடத்தின் வடிவத்தோடு ஒப்பிட்டார். வடிவம் சரி, கட்டுத்தான் போதாது என்று கண்டு 1740-களில் ஐந்து புதிய இரும்பு வளையங்களைப் பூட்டினார்கள். பீப்பாய்க்குப் பட்டை இறுக்குகிற வேலைதான், அளவுதான் பிரமாண்டம்.

இப்போது கோயிலுக்குள். ஐந்து வாசல்களில் வலக்கோடியில் இருப்பது புனிதக் கதவு. 25 ஆண்டுக்கு ஒருமுறை யூபிலி என்னும் புனித ஆண்டுக்குத் திறந்து, முடிந்ததும் உட்புறம் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். அதை அடுத்து வலப்பக்க முதல் பீடத்தில் மிக்கேலாஞ்சலோவின் பியெத்தா, அதாவது இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியன்னையின் சிலை. 1972-இல் ஒருவர் சுத்தியலால் தாக்கிய பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். கூட்டம் சேரும் முன் பார்க்க வேண்டிய ஒரே பொருள் இது. மற்றவை எத்தனை பேர் வந்தாலும் தாங்கும்.

இந்தக் கோயிலின் தொல்லை, அளவு பிடிபடாதது. எல்லாம் ஒரே விகிதத்தில் பெருத்திருப்பதால் கண் ஏமாந்துவிடும். நடுக்கூடத் தரையில் உலகின் பிற பெரிய கோயில்களின் நீளத்தை உலோக எழுத்தில் பதித்திருக்கிறார்கள்; வாசலிலிருந்து பீடம் நோக்கி நடந்தபடி ஒவ்வொன்றாக வாசித்தால் 186 மீட்டர் என்பது காலுக்குப் புரியும். பீடத்தின் மேலுள்ள வெண்கல மண்டபம் மட்டுமே 29 மீட்டர். சுவரில் தெரியும் பெரிய எண்ணெய் ஓவியங்கள் கிட்டத்தட்ட எல்லாமே மொசைக். ஈரமும் மெழுகுப் புகையும் ஓவியத்தைத் தின்றுவிடும் என்று, மூலங்களை எடுத்துவிட்டுக் கண்ணாடிச் சில்லுகளால் நகல் செய்தார்கள். பக்கத்தில் போய்ச் சாய்வாகப் பார்த்தால் சில்லுகளின் விளிம்பு தெரியும்.

கட்டத் தொடங்கியது 1506, நேர்ந்தளித்தது 1626 நவம்பர் 18. நடுவில் பல திருத்தந்தையர், பல தலைமைச் சிற்பிகள். அது கட்டடத்தில் தெரியாமல் இருப்பதுதான் வியப்பு.

இரண்டாம் நாள், புதன்: இலாத்தரன், கிளெமெந்தே

ரோம் மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் பேதுரு பேராலயம் அல்ல, இலாத்தரன்தான். ரோம் ஆயர் என்ற முறையில் திருத்தந்தையின் இருக்கை இங்கே. ஒவ்வொரு நவம்பர் 9-ஆம் நாளும் தமிழகப் பங்குக் கோயில்களில் 'இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழா' என்று வாசிக்கக் கேட்டிருப்போம்; அந்த இலாத்தரன் இதுதான்.

ஆனால் காலையில் முதலில் போக வேண்டியது புனித கிளெமெந்தே கோயில், ஏனென்றால் அது மதியம் மூடும். கொலோசியத்திலிருந்து ஐந்தாறு நிமிட நடை. மேல்தளம் இலவசம், நிலவறைக்குக் கட்டணம். ஒரு நேரத்தில் குறைந்த பேரைத்தான் இறக்குவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். கீழே படமெடுக்கத் தடை.

மூன்று அடுக்கு. தெருமட்டத்தில் 12-ஆம் நூற்றாண்டுக் கோயில். பீடத்துக்குப் பின்னுள்ள அரைவட்ட மாடத்தில் சிலுவையே மரமாகிக் கொடி படரும் மொசைக், சிலுவையில் 12 வெண்புறாக்கள். அதற்குக் கீழே 4-ஆம் நூற்றாண்டுக் கோயில். அதற்கும் கீழே முதல் நூற்றாண்டுக் கட்டடங்கள், மித்ரா என்ற பழைய தெய்வத்தை வழிபட்ட அறை. 1857-இல் இந்த மடத்தின் அயர்லாந்துத் துறவி ஜோசப் முல்லூலி தோண்டத் தொடங்கும்வரை மேலே இருப்பதுதான் பழைய கோயில் என்று எல்லாரும் நம்பினார்கள். மண்ணை எடுத்ததும் நிலத்தடி நீர் புகுந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கக் கால்வாய் வெட்டித்தான் வடித்தார்கள். இன்றும் கடைசி அடுக்கில் ஓடும் நீரின் ஒலி கேட்கும். வெளியே எவ்வளவு வெயிலானாலும் அங்கே குளிரும், தரை வழுக்கும்.

நடு அடுக்கில் தவறவிடக் கூடாதது ஒரு சுவரோவியம், 11-ஆம் நூற்றாண்டின் கடைசி. சிசின்னியுஸ் என்ற பெருமகன் புனித கிளெமெந்தைக் கட்டி இழுத்துவரச் சொல்கிறான். கண் மயங்கிய வேலையாட்கள் ஒரு தூணைக் கட்டி இழுக்கிறார்கள். ஒவ்வொருவர் அருகிலும் அவர் பேச்சு எழுதியிருக்கிறது, இன்றைய படக்கதை போல. புனிதர் பேசுவது இலத்தீன். எசமான் பேசுவது அன்றைய தெருமொழி, அதுவும் வேலையாட்களின் தாயைப் பழிக்கும் கெட்ட வார்த்தை. இத்தாலிய மொழி எழுத்தில் தோன்றிய மிகப் பழைய சான்றுகளில் ஒன்று கோயில் சுவரில் எழுதிய வசவு என்பதை இத்தாலியர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

பிறகு இலாத்தரனுக்கு நேர்த்தெரு, பதினைந்து நிமிடம். நடு வாசலின் வெண்கலக் கதவுகள் பழைய ரோமின் செனட் மண்டபத்துக் கதவுகள். 17-ஆம் நூற்றாண்டில் பெயர்த்துக் கொண்டுவந்தவை. உள்ளே 1650 யூபிலிக்காகக் கட்டடக் கலைஞர் பொரோமீனி புதுப்பித்த கூடம். தூண் மாடங்களில் 12 திருத்தூதர்கள், ஆளைவிடப் பலமடங்கு பெரிய பளிங்குச் சிலைகள். தன் உரித்த தோலைக் கையில் பிடித்திருக்கும் பர்த்தலமேயுவும், விரலை உயர்த்தி நிற்கும் தோமாவும் பிரெஞ்சுச் சிற்பி பியேர் லெ குரோ செதுக்கியவை. மயிலைச் சாந்தோமிலிருந்து வருகிறவர்கள் தோமாவிடம் கொஞ்சம் நிற்பார்கள்.

பக்கத்து முற்றத்துக்குத் தனிக் கட்டணம். முறுக்குத் தூண்களில் கண்ணாடி, பளிங்குச் சில்லு பதித்த வேலை, 13-ஆம் நூற்றாண்டு. நேரம் இருந்தால் மட்டும் என்று சொல்வதற்கில்லை, நேரம் ஒதுக்குங்கள்.

எதிரே புனிதப் படிக்கட்டு. 28 பளிங்குப் படி, மேலே மரப்பலகை. முழங்காலால் மட்டுமே ஏற அனுமதி. மூட்டுவலிக்காரர்கள் பக்கப் படிகளில் ஏறலாம். பலகை கடினம், படிக்குப் படி வேண்டுதல் சொல்லி ஏறுவதால் அரைமணி ஆகும். கூட்டத்தில் முந்த முடியாது.

மூன்றாம் நாள், வியாழன்: நடை நாள்

இன்று சில்லறை கரையும். ஃப்ளாமீனியோ மெட்ரோவில் இறங்கியதும் நகர வாசலை ஒட்டி சாந்த மரிய தெல் போபோலோ. பீடத்துக்கு இடப்பக்கச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜோவின் இரண்டு ஓவியங்கள்: தலைகீழாகச் சிலுவையில் ஏற்றப்படும் பேதுரு, குதிரையிலிருந்து விழுந்த பவுல். 1600-1601. இரண்டும் எதிரெதிர்ப் பக்கச் சுவரில் இருப்பதால் நேராகப் பார்க்க முடியாது. சாய்வாகப் பார்ப்பார்கள் என்று தெரிந்தே வரைந்திருக்கிறார். நடுவில் தடுப்புக் கம்பியருகே நின்றால் குதிரையின் பின்பக்கம் நம் பக்கம் திரும்பும்.

தெற்கே இருபது நிமிடம் நடந்தால் சாந்த் அகொஸ்தீனோ. இடப்பக்க முதல் சிற்றாலயத்தில் கரவாஜோவின் 'யாத்திரிகர் மாதா' ஓவியம். மண்டியிட்ட ஏழைக் கிழவரின் அழுக்குப் பாதம் பார்ப்பவர் கண்மட்டத்துக்கு வரும். அந்தக் காலத்தில் அதுவே சர்ச்சை. அங்கிருந்து மூன்று நிமிடத்தில் சான் லூயிஜி தெய் பிரான்செசி, பிரெஞ்சுக்காரர்களின் கோயில். இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜோவின் மத்தேயு ஓவியங்கள் மூன்று. யாராவது காசு போடும்வரை காத்து நிற்கும் கூட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். அவசரப்பட்டு நீங்கள் போடாதீர்கள். முதலில் இருட்டிலேயே பாருங்கள். 'மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தில் ஒளி வலப்பக்கத்திலிருந்து, அதாவது பீடத்தின் மேலுள்ள நிஜச் சன்னல் இருக்கும் திசையிலிருந்து விழுகிறது. மின்விளக்கு எரிந்தால் அந்தப் பொருத்தம் போய்விடும். பிறகு காசு போட்டு விவரங்களைப் பார்க்கலாம்.

பன்னிரண்டரை. கதவுகள் சாத்தும் நேரம், நாம் பாந்தியோனில். இதுவும் கோயில்தான்: 609-இல் மறைசாட்சிகளின் மரியன்னைக்கு நேர்ந்தளித்ததால்தான் இடிக்கப்படாமல் தப்பியது. 2023 ஜூலையிலிருந்து நுழைவுச் சீட்டு உண்டு. கம்பியில்லாத கான்கிரீட் குவிமாடம், விட்டமும் தரையிலிருந்து உயரமும் 43.3 மீட்டர். மேலே போகப்போகக் கனம் குறைந்த கல்லைக் கலந்திருக்கிறார்கள், உச்சிக்கருகில் நுரைக்கல். நடுத்துளை திறந்தே இருக்கும்; மழை உள்ளே பெய்யும், தரையிலுள்ள சிறு துளைகள் வழியாக வடியும். முகமண்டபத்துக் கூரையிலிருந்த பழைய வெண்கலத்தை 17-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை எட்டாம் உர்பானுஸ் கழற்றிவிட்டார். பேதுரு பேராலய வெண்கல மண்டபத்துக்கு என்று சொல்வார்கள். பெரும்பகுதி பீரங்கியாகத்தான் போனது.

பின்தெருவில் மினெர்வா கோயில், வாசலில் பெர்னினியின் யானை முதுகில் கல்தூண். உள்ளே சியன்னா கத்தரீன் கல்லறையும் மிக்கேலாஞ்சலோவின் கிறிஸ்துவும். பிறகு சாந்த் இஞ்ஞாசியோ. இங்கே நீண்ட வரிசை ஒன்று கண்ணாடிக்கு நிற்கும். விதானம் தெரியும்படி முகத்தைப் படமெடுக்க. சேர வேண்டாம். கூடத்தின் நடுவில் தரையில் மஞ்சள் பளிங்கு வட்டம் இருக்கிறது. அதில் நின்று அண்ணாந்தால், இயேசு சபைத் துறவி அந்திரேயா போஸ்ஸோ வரைந்த தூண்கள் கட்டடத்தைத் தொடர்ந்து வானத்துக்குப் போவது போல நிமிரும். விலகினால் அதே தூண்கள் சரிந்து விழும். பீடத்துக்கு முன்னால் தெரியும் குவிமாடம் 1685-இல் துணியில் தீட்டிய ஓவியம். நிஜமாகக் கட்டப் பணம் இல்லை என்றும், பக்கத்து மடத்துத் துறவிகளுக்கு வெளிச்சம் மறையும் என்றும் இரண்டு காரணம் சொல்வார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் கறுப்பாகக் கோணியிருக்கும்.

ஐந்து மணிக்கு ஜெசு கோயிலில் இடப்பக்கமாக உட்கார இடம் பிடியுங்கள். ஐந்தரைக்கு, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் பீடத்தில் இசையும் விளக்குமாக ஒரு காட்சி. முடிவில் பெரிய ஓவியம் அப்படியே கீழே இறங்க, பின்னாலிருந்து அவர் சிலை வெளிப்படும். போஸ்ஸோவின் பழைய பொறி அமைப்பு. மூலச் சிலை வெள்ளி. நெப்போலியனுக்குக் கட்ட வேண்டிய பணத்துக்காக உருக்கிவிட்டார்கள். இப்போதிருப்பது வெள்ளிப் பூச்சு.

எல்லாரும் இடப்பக்கம் பார்த்துவிட்டுக் கலைவார்கள். வலப்பக்கம் போங்கள். நேரெதிர்ப் பீடத்தில் ஒரு பேழைக்குள் புனித சவேரியாரின் வலது முன்கை. கோவாவில் இருந்த உடலிலிருந்து 1614-இல் எடுத்து இங்கே அனுப்பியது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துப் பரதவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்த கை. திருமுழுக்குக் கொடுத்தே கை ஓய்ந்துபோகிறது என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. பீடத்தின் உயரத்தில் இருப்பதால் பைனாகுலர் இங்கே உதவும்.

நான்காம் நாள், வெள்ளி: மொசைக்

காலை எட்டு மணி, சாந்த பிரஸ்ஸேதே. மரிய மஜ்ஜோரே பேராலயத்தை ஒட்டிய சந்தில் பக்கவாசல். பெயர்ப்பலகை கண்ணில் படாது, பலர் தாண்டிப் போய்விடுவார்கள். 9-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை முதலாம் பஸ்காலிஸ் கட்டியது. வலப்பக்கம் செனோ சிற்றாலயம்: நாலடி நடந்தால் முடிந்துவிடும் அறை, சுவரும் விதானமும் முழுக்கத் தங்க மொசைக். ஒரு யூரோ போடுங்கள். சில உருவங்களின் தலைக்குப் பின்னால் வட்டத்துக்குப் பதில் சதுர ஒளிவளையம் இருக்கும். படம் செய்தபோது உயிரோடு இருந்தவர் என்று பொருள். பஸ்காலிஸுக்கும் அவர் தாய் தெயோதோராவுக்கும் சதுரம். சில்லுகள் சமமாகப் பதியாமல் சற்றே சாய்த்துப் பதித்தவை, அதனால்தான் தலையை அசைத்தால் மின்னும்.

மரிய மஜ்ஜோரே அடுத்த கட்டடம். நடுக்கூடத்தின் இருபுறமும் மேலே 5-ஆம் நூற்றாண்டு மொசைக் கட்டங்கள். ஆபிரகாம், மோசே, யோசுவா கதைகள். வெறுங்கண்ணுக்கு வண்ணக்கறைதான். வெளிச்சம் சன்னலிலிருந்து மட்டும் வருவதால் மேகமில்லாத முற்பகல் சிறந்தது. இடப்பக்க நடையில், இரண்டு சிற்றாலயங்களுக்கு நடுவில் 2025 ஏப்ரல் 26-இல் அடக்கம் செய்யப்பட்ட திருத்தந்தை பிரான்சிசின் கல்லறை. பெயர் ஒன்றே பொறித்த எளிய கல். அந்த வரிசை தனி. பெர்னினியின் கல்லறையும் இங்கேதான், பீடத்துக்கு வலப்புறம் தரையில். நகரையே மாற்றியவரின் கல்லை மிதித்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

மூன்று மணிக்குச் சங்கிலிப் பேதுரு கோயில் திறக்கும். மிக்கேலாஞ்சலோவின் மோசே, தலையில் இரண்டு கொம்பு. 'ஒளிவீசியது' என்பதற்கான எபிரேயச் சொல் கொம்பு என்ற சொல்லோடு ஒட்டியது. இலத்தீன் மொழிபெயர்ப்பில் கொம்பாகிவிட்டது, சிற்பிகள் நூற்றாண்டுக் கணக்கில் அதையே பின்பற்றினார்கள்.

ஐந்தாம் நாள், சனி: பவுல், ஆற்றுக்கு அக்கரை

மெட்ரோ பி தடத்தில் 'பசிலிக்கா சான் பாவ்லோ'. நூறு நிமிடச் சீட்டில் மெட்ரோவுக்குள் ஒருமுறைதான் நுழையலாம் என்பது நினைவிருக்கட்டும். நிலையத்திலிருந்து வந்தால் கோயிலின் பக்கவாட்டுக்கு வருவீர்கள். ஆற்றுப் பக்கம் சுற்றிப் போனால்தான் முன்முற்றமும் முகப்பும். 1823 ஜூலையில் கூரைப் பழுது பார்த்தவர்கள் விட்ட நெருப்பில் ஒரே இரவில் பெரும்பகுதி எரிந்தது. இப்போதிருப்பது மறுகட்டுமானம், 80 கருங்கல் தூண்கள் நேர்த்தியாக, கொஞ்சம் உயிரில்லாமல். பீட வளைவும் மாட மொசைக்கும் முற்றமும் தீக்குத் தப்பிய பழையவை. ஒரு மணிநேரம் போதும்.

பிராமிதே நிலையத்தில் இறங்கி ஆற்றைக் கடந்தால் தராஸ்தேவரே. சாந்த செசிலியாவுக்குப் பத்தரைக்குள் போய்விடுங்கள். பீடத்தடியில் ஸ்தெஃபனோ மதெர்னோ 1600-இல் செதுக்கிய புனிதையின் உருவம்: ஒருக்களித்துக் கிடக்கும் உடல், முகம் அப்பால் திரும்பி, கழுத்தில் வெட்டு. பலர் இதோடு கிளம்பிவிடுகிறார்கள். இடப்பக்கம் கன்னியர் மடத்து மணியை அடித்து, சில யூரோ கொடுத்தால் மேலே பாடற்குழு மாடத்துக்கு விடுவார்கள். அங்கே பியெத்ரோ கவல்லீனியின் இறுதித் தீர்ப்புச் சுவரோவியம், ஏறக்குறைய 1293. பிற்காலத்து மர இருக்கைகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்து 1900-இல் வெளிவந்தது. வானதூதர்களின் சிறகு வரிவரியாக நிறம் மாறும். காலையில் மட்டும்தான் திறப்பு. மதியம் வந்து மணியடித்துப் பயனில்லை.

சாந்த மரிய இன் தராஸ்தேவரேயை மாலைக்கு வையுங்கள். 12-ஆம் நூற்றாண்டு மாட மொசைக், அதன் கீழே அதே கவல்லீனி செய்த மரியன்னை வாழ்க்கைக் காட்சிகள். பல நாட்கள் இரவு எட்டரைக்கு சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் சமூகத்தினர் இங்கே வழிபாடு நடத்துகிறார்கள்; யாரும் உட்காரலாம், நடமாடக் கூடாது, படமெடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் மாடத்து விளக்குகள் எரியும். காசு போட வேண்டியதில்லை.